57 செவி, அதாவது 1957 செவர்லே காரோட சின்ன பிளாஸ்டிக் மாடல், கட்டணும்னா எந்த கிட் வாங்கறது? சீல் பிரிக்காத பழசா, ரீஇஷ்யூவா, புது மோல்டா, யாரோ கட்டிப் போட்டதா?

போன டிசம்பர்ல ஆபீஸ்ல கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தர், கோயமுத்தூர்க்காரர், மிச்சிகன் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, மத்தியானம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது போனை நீட்டினார். "ஏனுங்ணா, இந்த 57 செவர்லே பெல் ஏர், பின்னாடி மீன் துடுப்பாட்டம் தூக்கிட்டு இருக்குதே, இத பிளாஸ்டிக் கிட்ல கட்டோணும்னு ரொம்ப நாளா ஆசைங்ணா. தேடினா பன்னெண்டு டாலருக்கும் இருக்குது, நூத்தம்பது டாலருக்கும் இருக்குது, எல்லா பொட்டி மேலயும் இதே கார்தான் இருக்குது, எத வாங்கறது?" அன்னைக்கு அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சது, அப்புறம் ரெண்டு மூணு பேர் அதே கேள்விய கேட்டாங்க, அதனால முழுசா எழுதிடறேன்.

முதல்ல கார பத்தி ரெண்டு வரி. 1957 பெல் ஏர் நிஜக் கார் 200 இன்ச் நீளம், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல 115 இன்ச். அப்ப 1/25 அளவுல கட்டினா கரெக்டா 8 இன்ச், 1/24ல எட்டே கால் இன்ச்சுக்கு கொஞ்சம் மேல, 1/16ல பன்னெண்டரை இன்ச், 1/12ல பதினாறரைக்கும் மேல போயிடும், அதுக்கு அலமாரில தனி தட்டே வேணும். முதல் கார் கட்டறவங்க 1/25 இல்ல 1/24லயே நில்லுங்க, கிட்டும் நிறைய கிடைக்கும், பார்ட்டும் கையில பிடிக்கற சைஸ்ல இருக்கும்.

இன்னொன்னு, தலைப்புல கேட்ட நாலு வழியும் திறந்திருக்கறது 57 செவியோட அதிர்ஷ்டம், எல்லா காருக்கும் அப்படி கிடையாது. அந்தக் காலத்துல ஏஎம்டி, எம்பிசி, ஜோ-ஹான் எல்லாமே இங்க டெட்ராய்ட் சுத்துவட்டாரத்துல இருந்த கம்பெனிங்க. ஏஎம்டி ட்ராய்ல, எம்பிசி மவுன்ட் கிளெமென்ஸ்ல, ஜோ-ஹான் டெட்ராய்ட்லயே. கார் கம்பெனி ஒவ்வொரு வருஷமும் புது மாடல் விடும்போது ஷோரூம்ல வைக்கறதுக்கும் கஸ்டமருக்கு குடுக்கறதுக்கும் கட்டி முடிச்ச சின்ன கார், அதுக்கு ப்ரோமோன்னு பேரு, இவங்கதான் பண்ணிக் குடுத்தாங்க. 1958லேருந்து அதே மோல்ட, அதாவது பிளாஸ்டிக்க உருக்கி விட்டு பார்ட் எடுக்கற ஸ்டீல் அச்ச, வச்சு ஏஎம்டி பசங்களுக்கு கிட்டாவும் போட ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் கார் டிசைன் மாறும் இல்லையா, அப்ப அந்த ஸ்டீல் மோல்டையே திரும்ப வெட்டி புது வருஷத்து காரா மாத்திடுவாங்க. அதனால நிறைய 60களோட கார்களுக்கு மோல்டே இன்னைக்கு இல்ல, பழைய கிட்ட தேடிப் பிடிக்கறதுதான் வழி, இல்லைன்னா யாராவது ரெசின்ல வார்த்த பாடி. சமீப வருஷங்கள்ல ரவுண்ட் 2 கம்பெனி சில காருக்கு பழைய கிட்ட பாத்து புதுசாவே மோல்ட் வெட்டறாங்க, அது நல்ல விஷயம். ஆனா 57 செவி வருஷா வருஷம் மாத்தற அந்த வரிசையில வரல, கார் வந்து சில வருஷம் கழிச்சு 60களோட ஆரம்பத்துல தனி கிட்டா வந்தது, அதனால அந்த மோல்ட் பிழைச்சுது, இன்னைக்கும் அதுலேருந்து கிட் வருது.

சரி, முதல் வழி. 60களோட ஒரிஜினல் கிட், சீல் பிரிக்காதது.

இதோட கவர்ச்சி எனக்கும் புரியும். பொட்டி மேல இருக்கற அந்த ஓவியம், மூணு விதமா கட்டலாம்னு போட்டிருக்கற எழுத்து, கம்பெனிலேருந்து வந்த மாதிரியே, ரேஸ் காரா, இல்ல நம்ம இஷ்டத்துக்கு மாத்தின காரா, அப்ப ஒன்றரை டாலர் கிட்ட வித்த பொட்டி. பாத்தாலே கை பரபரக்கும். ஆனா கட்டறதுக்கு இத வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், காசு மட்டும் காரணமில்ல. அறுபது வருஷம் ஒரு பொட்டிக்குள்ள என்னென்ன நடக்கும்னு பாருங்க. டயர் பிவிசி, அது மெதுவா இளகறதுக்காக சேத்திருக்கற எண்ணெய விட்டுக்கிட்டே இருக்கும், பக்கத்துல ஸ்டைரீன் பிளாஸ்டிக் எது பட்டாலும் அத அரிச்சிடும், கண்ணாடி மேல டயர் உக்காந்திருந்தா கண்ணாடில டயர் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கும், அத பாலிஷ் போட்டும் எடுக்க முடியாது. டெக்கால், அதாவது தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர், மஞ்சளாயிருக்கும், தண்ணில போட்டா துண்டு துண்டா உடையும். கண்ணாடி பார்ட்டுங்க தனி கவர்ல இல்லாம மத்த பார்ட்டோட சேர்ந்து உருண்டு கோடு விழுந்திருக்கும். மேல பத்து பொட்டி அடுக்கி அட்டிக்ல இருந்திருந்தா, அந்த வெயில் சூட்டுக்கு பாடி கோணலாகியிருக்கவும் வாய்ப்பிருக்கு. சீல் பிரிக்காத பொட்டின்னா இதுல எதையுமே வாங்கறதுக்கு முன்னாடி பாக்க முடியாது. பிரிச்சு பாத்த அடுத்த நிமிஷம் அதோட விலை இறங்கிடும்.

எனக்கு ஒரு அனுபவம். அஞ்சாறு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட சீல் பிரிக்காததுன்னு ஒரு பழைய கிட் வாங்கினேன், வேற கார்தான், நல்ல விலை. பிரிச்சா குரோம் பார்ட் இருக்கற ஃப்ரேமே உள்ள இல்ல, முன் பம்பர், பின் பம்பர், க்ரில், ஹப்கேப் எதுவும் இல்ல. யாரோ எப்பவோ பிரிச்சு, புது பிளாஸ்டிக் கவர் போட்டு சுடுகாத்து அடிச்சு திரும்ப சீல் பண்ணியிருக்காங்க. வித்தவருக்கே தெரியாம கூட இருந்திருக்கலாம். அதுலேருந்து பழைய கிட் வாங்கினா பிரிச்ச பொட்டி, ஆனா கட்டாதது, உள்ள எல்லா ஃப்ரேமையும் போட்டோ எடுத்து போட்டவங்ககிட்ட மட்டும்தான் வாங்கறேன். பழசேதான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு நான் சொல்ற ஒரே வழி அதுதான், விலையும் குறைவு, உள்ள என்ன இருக்குன்னும் தெரியும். சீல் இருக்கற பொட்டிய சேர்த்து வைக்கறவங்களுக்கு விட்டுடுங்க, அவங்க அத பத்திரமா பாத்துக்குவாங்க, அப்படி சிலது பிரிக்காம மிஞ்சறதும் நல்லதுதான்.

ப்ரோமோ பத்தி ஒரு சின்ன எச்சரிக்கை. கட்டி முடிச்ச பழைய ப்ரோமோ கார் சில பேர் கிட்டுன்னு நினைச்சு வாங்கிடறாங்க. 60களோட ஆரம்பத்துல ஸ்டைரீனுக்கு மாறறதுக்கு முன்னாடி வந்த ப்ரோமோங்க அசிடேட் பிளாஸ்டிக், அது காலப்போக்குல வாழை இலை வாடின மாதிரி வளைஞ்சு போகும், பானெட் குழிஞ்சிருக்கும், அத நேராக்கறது ரொம்ப கஷ்டம். கிட்டுங்க ஸ்டைரீன், அந்தப் பிரச்சினை அதுக்கு இல்ல.

ரெண்டாவது வழி ரீஇஷ்யூ, அதாவது அதே பழைய மோல்ட்லேருந்து இப்ப புதுசா அடிச்சு வர்றது. ஏஎம்டி பேரு 1978ல லெஸ்னி கைக்கு போய், அப்புறம் எர்ட்ல்கிட்ட போய், இப்ப ரவுண்ட் 2கிட்ட இருக்கு. கம்பெனி எத்தன கை மாறினாலும் மோல்ட் கூடவே மாறி வந்திருக்கு. முப்பது முப்பத்தஞ்சு டாலருக்குள்ள கிடைக்கும், டயர் புதுசு, டெக்கால் புதுசு, இப்ப அச்சடிக்கற டெக்கால் பழசவிட எவ்வளவோ மேல, கண்ணாடி பளிச்னு இருக்கும், குரோம் பளபளன்னு இருக்கும். பொட்டி ஓவியமும் பழைய ஸ்டைல்லயே போடறாங்க. 1963ல ஒரு பையன் சனிக்கிழமை காலைல பிரிச்ச அதே பார்ட்டுங்கதான் உங்க மேஜை மேல இருக்கும், பிளாஸ்டிக் மட்டும்தான் புதுசு, அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு ரீஇஷ்யூ மேல மரியாதை.

குறை இல்லாம இல்ல. ஸ்டீல் மோல்டும் தேயும். ரெண்டு பாதி சேர்ற இடத்துல இடைவெளி விழுந்து பார்ட் ஓரத்துல ஜவ்வு மாதிரி பிளாஸ்டிக் நிக்கும், அத பிளேடால சுரண்டி எடுக்கணும், ஒவ்வொரு பார்ட்டுக்கும். பாடில மட்கார்டு மேல ஓடற மோல்ட் கோட்ட 400, 600 நம்பர் உப்புத்தாள் தண்ணி தொட்டு தேச்சு எடுக்கணும். முக்கியமா, பாடி மேல இருக்கற குரோம் பட்டை, எழுத்து எல்லாம் ஆரம்பத்துல அடிச்ச பாடில இருக்கற கூர்மையோட இருக்காது, கொஞ்சம் மழுங்கியிருக்கும். 57 செவிக்கு அது பெரிய விஷயம், ஏன்னா அந்தக் காரோட அழகே பட்டையிலதான் இருக்கு, பக்கவாட்டுல ஓடற ஈட்டி மாதிரி பட்டை, பின் துடுப்புல வரி போட்ட அலுமினிய தகடு, முன் மட்கார்டுல மூணு தங்கக் கலர் அம்பு. அதோட அந்தக் காலத்து டிசைன் அந்தக் காலத்து டிசைன்தான். பழைய கிட் சிலதுல முன் சக்கரத்துக்கு ஒரே கம்பிய இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் குத்தி விட்டிருப்பாங்க, அது என்ஜின் அடிப்பகுதிய துளைச்சுட்டு போகும். சிலருக்கு அத பாத்தாலே கோவம் வரும், எனக்கு அது பிடிக்கும், பத்து வயசுப் பையன் கட்டி தரையில உருட்டி விளையாடணும்னுதானே அப்படி பண்ணினாங்க.

மூணாவது வழி, பிற்காலத்து மோல்ட். இதுல ஆளுங்க நிறைய குழம்பறாங்க, ஏன்னா ஒரே பேர்ல மூணு தலைமுறை கிட் சந்தையில கலந்து கிடக்கு. ரெவெல் 60களோட ஆரம்பத்துல ஒரு 57 செவி போட்டாங்க, 1/25, கதவு, பானெட், டிக்கி எல்லாமே திறக்கும். பேப்பர்ல கேக்க நல்லா இருக்கும், ஆனா கதவு திறக்கற கிட் எந்தக் கம்பெனியோடதா இருந்தாலும் புதுசா கட்டறவங்களுக்கு நான் குடுக்க மாட்டேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும், கீல் பொருந்தணும், பெயிண்ட் அடிச்சா அந்த கனத்துக்கே இடிக்கும், அதுக்கு ஒரு டிங்கரிங் கடைக்காரரோட பொறுமை வேணும். அடுத்தது மோனோகிராம் 70களோட கடைசில போட்டது, 1/24, கட்ட சுலபம், பாடி ஷேப் நல்லா இருக்கும், பின்னாடி ரெவெலும் மோனோகிராமும் 1986ல ஒண்ணா சேர்ந்ததால இப்ப ரெவெல் பொட்டிலயே அதுவும் வருது. அப்புறம் 2010கள்ல ரெவெல் புதுசாவே 57க்கு 1/25ல மோல்ட் வெட்டினாங்க, கூரை மடக்கற கன்வெர்டிபிள் ஒண்ணு, பிளாக் விடோன்னு ஒண்ணு. ஃபிட்டிங், சேஸிஸ் விவரம், சஸ்பென்ஷன் தனித்தனியா வர்றது, இதுல எல்லாம் இதுதான் முன்னாடி நிக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா பொட்டி மேல 57னு இருந்தா போதாது, எந்த பாடின்னு பாருங்க. நம்ம தம்பி ஆசைப்பட்டது ரெண்டு கதவு ஹார்ட்டாப், கண்ணாடிய இறக்கினா நடுவுல தூண் இருக்காது, முன்னாலேருந்து பின்னால வரைக்கும் திறப்பு ஒண்ணா ஓடும். பிளாக் விடோ பெல் ஏரே இல்ல, 150ன்னு சொல்ற விலை குறைஞ்ச மாடல், நடுவுல தூண் உள்ள செடான். அட்லான்டாவுல செட்கோன்னு ஒரு செட்டப்ல செவர்லே ரேஸுக்குன்னு தயார் பண்ணின கருப்பு வெள்ளைக் கார் அது, 283 கன இன்ச் வி8, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வச்சது. அந்த வருஷமே, இங்க கார் ரேஸ் நடத்தற நாஸ்கார் அமைப்பு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன தடை பண்ணிட்டாங்க. ரேஸ் கதை பிடிச்சவங்களுக்கு அருமையான கிட், குரோம் பட்டை கம்மி, அதனால முதல் கார் கட்டறவங்களுக்கும் வேலை குறைவு. ஆனா பெல் ஏர்னு நினைச்சு வாங்கி ஏமாறக் கூடாது இல்லையா. அதே மாதிரி 1/24 கிட்டோட பார்ட் 1/25க்கு ஒத்து வரும்னு நினைக்காதீங்க, நீளத்துல எட்டு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வரும், கண்ணாடியும் பம்பரும் உக்காராது.

காரோட நிஜ உருவம் துல்லியமா வரணும், அதுதான் முக்கியம்னா இந்த மூணாவது வழில போங்க, யோசிக்கவே வேண்டாம். எனக்கு ஆசை அந்தப் பழைய கிட் மேலயும் இருக்கு, அதனால நான் நிக்கற இடம் வேற.

நாலாவது வழிக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, நிறைய எழுதப் போறேன். யாரோ ஒரு பையன் 60கள்ல 70கள்ல கட்டி, கையால பெயிண்ட் பூசி, விளையாடி, அப்புறம் ஷூ பொட்டில போட்டு மறந்து போன கார். இங்க அத கிளூ பாம்னு சொல்லுவாங்க, எங்க பாத்தாலும் பசை வழிஞ்சிருக்கறதால. சாட்டர்டே கராஜ் சேல்ல, மாடல் ஷோவுல மேஜைக்கு அடியில அட்டைப் பொட்டில, அஞ்சு டாலர் பத்து டாலர் பதினஞ்சு டாலருக்கு கிடக்கும். பக்கத்து ஸ்டேட் ஒஹையோல இருக்கற டொலீடோவுல 1980லேருந்து நடந்து வந்த என்என்எல்ங்கற மாடல் கார் ஷோ எங்களுக்கு ஒண்ணேகால் மணி நேர டிரைவ்தான், ஒரு தடவை அங்க போயிட்டு மூணு பாடியோட வந்தேன், மூணும் சேத்து இருபத்தி ரெண்டு டாலர்.

ஏன் பிடிக்கும்னா, முதல் காரணம் பயம் இல்ல. முதல் கார் கட்டறவங்க கை நடுங்கறது எதனாலன்னா முப்பத்தஞ்சு டாலர் கிட்ட, இல்ல நூறு டாலர் கிட்ட கெடுத்துடுவோமோன்னுதான். ஏற்கனவே கெட்டுப் போன ஒண்ணுல கை வைக்கும்போது அந்த நடுக்கம் வராது, சொதப்பினா திரும்ப பெயிண்ட உரிச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். ரெண்டாவது காரணம், அந்த பாடி மோல்ட் புதுசா இருந்த காலத்துல அடிச்சதா இருக்க வாய்ப்பு அதிகம், பெயிண்ட உரிச்சதும் பட்டையும் எழுத்தும் நகத்தால தடவினா தெரியற அளவுக்கு கூரா நிக்கறத பாத்திருக்கேன்.

வாங்கும்போது எத பாக்கணும்னா, கூரைய தாங்கற முன் தூண் ரெண்டும் முழுசா இருக்கா, உடைஞ்சிருந்தா சரி பண்ணலாம், ஆனா ஒரு துண்டு காணாம போயிருந்தா கண்ணாடி உக்கார்ற கோணமே போயிடும். பின் சக்கர வளைவு வெட்டியிருக்கான்னு பாருங்க, அந்தக் காலப் பசங்க டிராக் ரேஸ் கார் மாதிரி பெரிய டயர் போடறதுக்காக சூடான கத்தியால வளைவ வெட்டி விடுவாங்க, அத திரும்ப பிளாஸ்டிக் ஷீட் வச்சு ஒட்டி பட்டி பாத்து பழைய வளைவுக்கு கொண்டு வர்றது அனுபவம் உள்ளவங்க வேலை. எழுத்தையும் பட்டையையும் உப்புத்தாள் போட்டு தேச்சு எடுத்திருந்தா அத வாங்காதீங்க, அத திரும்ப கொண்டு வர முடியாது. பட்டாசு வச்சு வெடிச்சதும் இருக்கும், அத பாத்தாலே தெரியும். மத்தது எது இல்லாம போனாலும், பானெட் இல்லையா, பம்பர் இல்லையா, கண்ணாடி முழுக்க பசையா, கவலையே படாதீங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பெயிண்ட உரிக்கறதுக்கு இங்க ஹார்டுவேர் கடைல கிடைக்கற எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கற ஊதா கலர் டிகிரீசர் போதும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல பாடி முங்கற அளவு ஊத்தி ரெண்டு நாள் விட்டுடுங்க, கிளவுஸ் கண்டிப்பா போடணும், அது தோலை எரிக்கும். அப்புறம் பழைய டூத்பிரஷ்ஷால தேச்சா எனாமல் பெயிண்ட் தோல் தோலா வரும். பிடிவாதமான பெயிண்ட்டுக்கு கார் பிரேக் ஆயில்ல ஊறப் போடறவங்களும் உண்டு, வேலை செய்யும், ஆனா அத சிங்க்ல கொட்டக் கூடாது, ஆபத்தான வீட்டுக் கழிவு வாங்கற இடத்துல குடுக்கணும். பழைய பெயிண்ட்ல ஈயம் கலந்திருக்கலாம், அதனால காஞ்ச உப்புத்தாளால தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க, எப்பவும் தண்ணி தொட்டு. குரோம எடுக்கணும்னா வீட்ல துணி வெளுக்கற பிளீச்சே போதும், அது நிஜ குரோம் இல்ல, வெற்றிடத்துல அலுமினியத்த ஆவியாக்கி படிய வச்ச மெல்லிசு படலம், பிளீச்ல இருக்கற காரம் அத சில நிமிஷத்துல கரைச்சிடும். பிளீச்சோட வேற எந்த கிளீனரையும் கலக்காதீங்க, அமோனியா உள்ளதோட கலந்தா விஷ வாயு வரும், ஒவ்வொண்ணையும் வேற வேற நாள்ல பண்ணுங்க.

ஒட்டினத பிரிக்கறதுக்கு நான் ஃப்ரீசர நம்பறேன். ரெண்டு மூணு மணி நேரம் ஃப்ரீசர்ல வச்சு எடுத்து, மெதுவா முறுக்கினா பழைய பசை நிறைய இடத்துல 'டக்'னு விட்டுடும், முக்கியமா கண்ணாடியும் சீட்டும். ஆனா டியூப் பசை பிளாஸ்டிக்கையே உருக்கி ஒண்ணாக்கியிருந்தா விடாது, அங்க மெல்லிசு ரம்பம் வச்சு அறுக்கணும், அவசரப்பட்டா பாடில விரிசல் விழும்.

இதுல வேற எந்த கிட்லயும் கிடைக்காத ஒரு விஷயம் இருக்கு. டொலீடோவுல வாங்கின அந்த 57 பாடில மேல தடிமனா சிவப்பு, கையால பூசினது, பிரஷ் முடி ரெண்டு அதுலயே ஒட்டிக் கிடந்தது. அது உரிஞ்சதும் அடில வெள்ளி கலர், அதுக்கும் அடில ரொம்ப மெல்லிசா, ரொம்ப கவனமா அடிச்ச நீலப்பச்சை, கூரை மட்டும் வெள்ளை. அதாவது அந்தப் பையன் முதல்ல கம்பெனி கலர்லயே அழகா கட்டியிருக்கான், அப்புறம் வளர்ந்து ரேஸ் ஆசை வந்து மாத்தி மாத்தி பூசியிருக்கான். டேஷ்போர்டு ஓரத்துல காய்ஞ்ச பசைல ஒரு சின்ன கட்டைவிரல் ரேகை. அந்தப் பையனுக்கு இப்ப எழுபது வயசு தாண்டியிருக்கும். அந்த ரேகை மேல நான் உப்புத்தாள் போடல, கார் முடிஞ்சப்புறம் வெளிய தெரியாத இடம்தான் அது, அப்படியே இருக்கு.

இப்ப கவலைப்பட வேண்டாம்னு சொன்னதுக்கு வர்றேன். கிளூ பாம்ல பார்ட் இல்லாம போனா எங்க தேடறதுன்னுதான் எல்லாரும் பின்வாங்கறாங்க. ரீஇஷ்யூ அதே மோல்ட் இல்லையா, அப்ப அதோட பார்ட் எல்லாம் பழைய பாடிக்கு அப்படியே பொருந்தும். கண்ணாடி, பம்பர், பானெட், டயர், டெக்கால், எல்லாமே. பத்து டாலர் பாடி ஒண்ணு, முப்பத்தஞ்சு டாலர் ரீஇஷ்யூ ஒண்ணு, மொத்தம் நாப்பத்தஞ்சு டாலர்ல பழைய கூரான பாடியும் புது கண்ணாடி குரோமும் சேர்ந்த கார் ஒண்ணு வந்துடும், சீல் பிரிக்காத பழைய கிட்டோட விலைல பாதி கூட வராது. மிச்சம் இருக்கற புது பாடில பெயிண்ட் அடிச்சு பழகலாம். நான் தம்பிக்கு சொன்னது இததான், நாலு வழியையும் எடை போட்டு பாத்து நான் வந்து நிக்கறதும் இங்கதான். ஒரே நிபந்தனை, பாடியும் ரீஇஷ்யூவும் ஒரே கம்பெனியோட ஒரே மோல்டா இருக்கணும். சேஸிஸ் அடியில பெரும்பாலும் கம்பெனி பேர் பொறிச்சிருக்கும், இல்லைன்னா ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, 8 இன்ச் வந்தா 1/25, அதுக்கு மேல மூணுல ஒரு இன்ச் கூட வந்தா 1/24, கதவு தனியா வெட்டியிருந்தா அது வேற கிட்.

நேரம் ஆகும், அத மறைக்கல. ரீஇஷ்யூ மட்டும்னா வார இறுதிகள்ல உக்காந்தா ஒன்றரை மாசம், இந்த வழின்னா உரிக்கறது, பிரிக்கறது, பட்டி பாக்கறதுன்னு மூணு மாசம் நாலு மாசம். வீட்ல சின்னக் குழந்தைங்க இருந்து இந்த கெமிக்கல் எல்லாம் வைக்க தனி இடம் இல்லைன்னா ரீஇஷ்யூவோட நிறுத்திக்கோங்க, அதுவே நல்ல கார்தான்.

எந்த வழில போனாலும் 57 செவில பாதி வேலை பட்டைக்கு வெள்ளி ஒட்டறதுதான். பேர்-மெட்டல் ஃபாயில்னு மெல்லிசா பசையோட வர்ற அலுமினியத் தாள், அத பட்டை மேல வச்சு பல் குத்தற குச்சியாலயும் காது குடையற பஞ்சாலயும் அழுத்தி, புது பிளேடால ஓரம் வெட்டி எடுக்கணும். பழைய பிளேடுன்னா தாள் கிழியும், ஒரு காருக்கு நாலஞ்சு பிளேடு போகும், அத மிச்சம் பிடிக்காதீங்க. எழுத்து மழுங்கின ரீஇஷ்யூ பாடில ஒரு வழி இருக்கு, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே எழுத்து மேல ஃபாயில ஒட்டி வெட்டிட்டு, ப்ரைமரும் (பெயிண்ட்டுக்கு அடில அடிக்கற பூச்சு) பெயிண்ட்டும் அது மேலயே அடிச்சு, காய்ஞ்சதும் தின்னர்ல லேசா நனைச்ச பஞ்சால எழுத்தோட முகட்ட மட்டும் தேச்சா பெயிண்ட் போய் வெள்ளி எழுத்து எட்டிப் பாக்கும். கையால வெள்ளி பெயிண்ட் தொட்டு எழுதறதவிட ஆயிரம் மடங்கு சுத்தமா வரும்.

கலர் பத்தி நான் பிடிவாதக்காரன். 57ன்னா ட்ராபிகல் டர்க்காய்ஸ் பாடி, இந்தியா ஐவரி கூரை. ஆகஸ்ட்ல மூணாவது சனிக்கிழமை இங்க டெட்ராய்ட் பக்கம் வுட்வர்டு ட்ரீம் க்ரூஸ்னு பழைய கார்களோட ஊர்வலம் நடக்கும், 1995லேருந்து நடக்குது, வுட்வர்டு அவென்யூவுல ஓரமா நாற்காலி போட்டு உக்காந்தா ஒரே மத்தியானத்துல பத்து 57 செவியாவது கண்ணு முன்னாடி போகும். போட்டோ எடுக்கறவங்க முழுக் காரையும் எடுத்துட்டு போயிடறாங்க, கட்டறவங்க கிட்டப் போய் எடுக்கணும், க்ரில் உள்ள தங்கக் கலர் வலை, துடுப்புல இருக்கற தகட்டோட வரி எந்தத் திசைல ஓடுது, இடது துடுப்போட பின் பட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற பெட்ரோல் மூடி. கார்க்காரங்ககிட்ட கேட்டா சந்தோஷமா திறந்தே காட்டுவாங்க. சிவப்பு பிளாஸ்டிக்ல வர்ற கிட் வாங்கினா வெளிர் கலர் அடிக்கறதுக்கு முன்னாடி ப்ரைமருக்கு அடில வெள்ளி கலர் ஒரு கோட் அடிங்க, இல்லைன்னா சிவப்பு ஊறி மேல வந்து ஐவரி ரோஸ் ஆயிடும்.

தம்பி டொலீடோ பக்கம் ஒரு ஆன்டிக் கடைல எட்டு டாலருக்கு ஒரு பாடி பிடிச்சுட்டார், கருப்பு பெயிண்ட், பானெட் இல்ல, ஒரு பம்பர் பாதி. கீழ திருப்பிப் பாத்தோம், கம்பெனி பேர் இருந்தது, ரீஇஷ்யூ ஆர்டர் போட்டாச்சு. பெயிண்ட உரிச்சு முடிச்சுட்டார், ரெண்டு முன் தூணும் முழுசா இருக்கு. இப்ப கராஜ்ல குளிர் பூஜ்யத்துக்கு கீழ, ஸ்ப்ரே கேன் அடிச்சா பொரி பொரியாத்தான் விழும், ஏப்ரல்ல வெளிய 60 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதும் ப்ரைமர் அடிக்கலாம்னு இருக்கோம், ஜூலை வரைக்கும் தள்ளினா ஈரக் காத்துக்கு லாக்கர் பெயிண்ட் வெளுத்துப் போகும். அதுவரைக்கும் அவர் சாப்பாட்டு மேஜைல உக்காந்து சீட்டுக்கு ரெண்டு கலர் கையால தீட்டிட்டு இருக்கார், நேத்து போட்டோ அனுப்பினார், முன் சீட் முடிஞ்சது.